முட்டு வருத்தத்துக்கு மருந்து ஆய்வில சேரப் போறியளோ? வன்னியில இருந்து போறவைக்கு ஒரு வழிகாட்டி

எனக்கு ஏழெட்டு வயசில இருந்து முட்டு, அதாவது ஆஸ்துமா இருக்கு. விசுவமடுவில இருக்கிறன், வீட்டோட தையல். போன வருசம் ஒரு புது இன்ஹேலரைப் பற்றின ஆய்வில சேர்றதுக்கு எண்டு மாவட்டத்துக்கு வெளியில ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மூண்டு தரம் போனனான், முதல் ரெண்டு தரமும் திருப்பி அனுப்பிப்போட்டினம். ஒருக்கா பழைய பேப்பர் ஒண்டும் இல்லை எண்டு, மற்றத் தரம் காலமை பஸ்ஸுக்குள்ள பம்ப் (இன்ஹேலரைத்தான் நாங்கள் இப்பிடிச் சொல்லுறது) அடிச்சிட்டன் எண்டு. ரெண்டு நாள் உழைப்பு, பஸ் காசு, பிள்ளையை அயல் வீட்டில விட்டிட்டுப் போன மனக்கஷ்டம் எல்லாம் வீணாப் போச்சு. இதை ஒராள் முதலே எனக்குச் சொல்லியிருந்தா நடந்திருக்காது, அதுக்காகத்தான் இதை எழுதுறன்.

ஆஸ்துமா, புகையால வாற நுரையீரல் அடைப்பு வருத்தம் (சிஓபிடி எண்டு கொப்பியில எழுதுவினம்), டிபி மாறின பிறகும் விடாத மூச்சு வாங்கல், இப்பிடி எந்த நெஞ்சு வருத்தத்துக்கு ஆய்வு எண்டாலும் வழி கிட்டத்தட்ட ஒண்டுதான். நான் டொக்டர் இல்லை. உங்கட மருந்தைக் கூட்டுறது குறைக்கிறது எல்லாம் உங்கட கிளினிக் டொக்டரிட்டத்தான் கேக்க வேணும்.

1. முதல்ல இதை விளங்கிக்கொள்ளுங்கோ: ஆய்வு வேற, வைத்தியம் வேற

"புது மருந்து தருகினமாம், நல்லா மாறுதாம்" எண்டு ஆரும் சொல்லிக் கேட்டிட்டு ஓடாதேங்கோ. அந்த மருந்து மாத்துமோ இல்லையோ எண்டு தெரியாததாலதான் ஆய்வே செய்யினம். உங்களை ரெண்டு மூண்டு கூட்டமாப் பிரிப்பினம். ஒரு கூட்டத்துக்குப் புது மருந்து, மற்றதுக்குப் பழைய மருந்து இல்லாட்டி பிளசீபோ, அதாவது மருந்து இல்லாத வெறும் பம்ப், பாக்க ஒரே மாதிரி இருக்கும். நீங்கள் எந்தக் கூட்டம் எண்டதை கொம்பியூட்டர் சீட்டுக் குலுக்கிற மாதிரித்தான் எடுக்கும். டொக்டரைத் தெரியும், சொந்தக்காரர் அங்க வேலை செய்யினம் எண்டு கேட்டு மாத்த ஏலாது. அனேகமா உங்களுக்கும் தெரியாது, மருந்து தாற டொக்டருக்கும் தெரியாது.

எந்தக் கட்டம் எண்டும் கேளுங்கோ. முதலாம் கட்டம் எண்டா கொஞ்சப் பேரிட்ட, அனேகமா வருத்தம் இல்லாத ஆக்களிட்ட, மருந்து உடம்புக்கு ஒத்துவருமோ எண்டு பாக்கிறது. ரெண்டாம் கட்டத்தில வருத்தக்காரர் கொஞ்சப் பேர், எவ்வளவு டோஸ் எண்டு பாப்பினம். மூண்டாம் கட்டம் நூற்றுக்கணக்கில, சிலவேளை ஆயிரக்கணக்கில ஆக்கள். நாலாவது, ஏற்கனவே கடையில விக்கிற மருந்தைத் தொடர்ந்து கவனிக்கிறது. மருந்தே இல்லாத ஆய்வும் இருக்கு, மூச்சுப் பயிற்சி, நடைப் பயிற்சி, பம்ப் அடிக்கப் பழக்கிறது மாதிரி. அதுகள்ல ஆபத்துக் குறைவு, ஏலாத வயசான ஆக்களுக்கு நான் அதைத்தான் முதல்ல பாக்கச் சொல்லுவன்.

இன்னொண்டு. நீங்கள் இவ்வளவு காலமும் நீலப் பம்ப்பை (சல்பியூட்டமோல்) மட்டும் அடிச்சுக்கொண்டு இருக்கிறியள் எண்டா, ஆய்வைத் தேட முதல் கிளினிக்குக்குப் போங்கோ. ஜினா எண்ட உலக ஆஸ்துமா வழிகாட்டி 2019 இல இருந்து நீலப் பம்ப்பை மட்டும் தனியப் பாவிக்கிறதைப் பரிந்துரைக்கிறேல்ல, வீக்கத்தைக் குறைக்கிற ஸ்டீரொயிட் பம்ப்பும் சேர வேணும் எண்டு சொல்லுது. எங்கட சனம் கனபேர் பழுப்புப் பம்ப்பை "ஸ்டீரொயிட், கூடாது" எண்டு பெட்டிக்குள்ள வச்சிட்டு நீலத்தையே அடிக்கினம். உள்ள மருந்தை ஒழுங்கா அடிச்சாலே சிலருக்கு ஆய்வு தேவைப்படாது.

2. எங்க தேடுறது, உண்மையான ஆய்வோ எண்டு எப்பிடிப் பாக்கிறது

மாவட்டத்துக்கு ஒரு மார்பு நோய் கிளினிக் இருக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எங்கயெண்டாலும் அங்க போய் "நெஞ்சு வருத்தத்துக்கு இப்ப ஏதும் ஆய்வுக்கு ஆள் எடுக்கினமோ" எண்டு நேரா கேளுங்கோ. அங்க நடக்காட்டியும், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலயோ வெலிசறை மார்பு நோய் ஆஸ்பத்திரியிலயோ நடக்கிறதைச் சிலவேளை அவைக்குத் தெரிஞ்சிருக்கும்.

போன் இருந்தா நீங்களே தேடலாம். இலங்கை மருத்துவச் சங்கம் நடத்துற ஆய்வுப் பதிவேடு ஒண்டு இருக்கு, எஸ்எல்சிடிஆர் எண்டு சொல்லுறது. ஆரும் பாக்கலாம், காசு இல்லை. இங்கிலீசிலதான் இருக்கு, ஆஸ்துமா எண்டு இங்கிலீசில அடிச்சுத் தேடினா ஒவ்வொரு ஆய்வும் எங்க நடக்குது, ஆர் பொறுப்பு, இப்ப ஆள் எடுக்கினமோ முடிஞ்சுதோ எண்டு காட்டும். அமெரிக்காவின்ர கிளினிக்கல்ட்ரயல்ஸ் டொட் கவ் இலயும் நாடு எண்ட இடத்தில ஸ்ரீலங்கா எண்டு போட்டுப் பாக்கலாம். படிக்கக் கஷ்டம் எண்டா ஏ எல் படிக்கிற பிள்ளை ஒண்டைப் பக்கத்தில வச்சுக்கொண்டு பாருங்கோ.

ஆய்வு உண்மையோ எண்டு பாக்க மூண்டு இலக்கம் கேளுங்கோ. பதிவேட்டு இலக்கம் ஒண்டு. எஸ்எல்சிடிஆர் எண்டு தொடங்கி வருசமும் ஒரு நம்பரும் இருக்கும், வெளிநாட்டுப் பதிவு எண்டா என்சிடி எண்டு தொடங்கி 8 இலக்கம். ரெண்டாவது, நெறிமுறைக் குழுவின்ர, அதாவது ஆய்வில சேர்ற ஆக்களுக்கு அநியாயம் நடக்காமப் பாக்கிற குழுவின்ர, அனுமதி இலக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலயும் அப்பிடி ஒரு குழு இருக்கு, கொழும்பு, களனிப் பக்கமும் இருக்கு. மூண்டாவது மருந்து ஆய்வுகளுக்கு: என்எம்ஆர்ஏ எண்ட தேசிய மருந்து ஒழுங்குமுறை அதிகார சபையின்ர அனுமதி. இது 2015 ஆம் ஆண்டு 5 ஆம் இலக்கச் சட்டத்தில வந்த அதிகார சபை. உண்மையான ஆய்வு எண்டா இதெல்லாம் தாற தகவல் தாள்லயே இருக்கும், நீங்கள் கேட்டாலும் கோவிக்க மாட்டினம். கோவிச்சா எழும்பி வாங்கோ.

சேர்றதுக்குக் காசு கேட்டா அது ஆய்வு இல்லை. பதிவுக்கு இவ்வளவு, டெஸ்ட்டுக்கு இவ்வளவு எண்டு ஆரும் கேட்டா, அது எவ்வளவு பெரிய கிளினிக்கா இருந்தாலும் குடுக்காதேங்கோ.

3. பேப்பர்கள்

இதிலதான் நான் முதல் தரம் மாட்டினது, அதால கொஞ்சம் விரிவா எழுதுறன்.

ஆஸ்துமா ஆய்வுகள்ல "எனக்குச் சின்னனில இருந்து முட்டு" எண்டு வாயால சொன்னாக் காணாது. ஒரு டொக்டர் ஆஸ்துமா எண்டு எழுதின பேப்பர் வேணும், கனக்க ஆய்வுகள்ல குறைஞ்சது ஆறு மாசமோ ஒரு வருசமோ பழசா இருக்க வேணும். எனக்குச் சின்ன வயசுக் கொப்பி, நெபுலைஸ் பண்ணின துண்டு, எக்ஸ்ரே எல்லாம் 2009 இடப்பெயர்வோட போட்டுது. எங்கட பக்கத்தில கனபேருக்கு இதே நிலைமைதான், அதுக்கு மனம் உடையாதேங்கோ, வழி இருக்கு. இப்ப மருந்து எடுக்கிற கிளினிக்கில "இன்ன திகதியில இருந்து ஆஸ்துமாவுக்கு இந்த மருந்து எடுக்கிறா" எண்டு ஒரு கடிதம் கேளுங்கோ. கிளினிக் நாளிலதான் அது கிடைக்கும், இடையில போய்க் கேட்டா "கிளினிக் அண்டைக்கு வாங்கோ" எண்டுதான் சொல்லுவினம், அதால ஒரு மாசம் முதலே இந்த அலுவலைத் தொடங்குங்கோ. வாட்டில நிண்டனியள் எண்டா டயக்னோசிஸ் காட் (துண்டு வெட்டேக்க என்ன வருத்தம் எண்டு எழுதித் தாற அட்டை) தந்திருப்பினம். அது துலைஞ்சா ஆஸ்பத்திரி ரெக்கோட் றூமில நிண்ட திகதியும் வாட் நம்பரும் சொல்லித் தேடுவிக்கலாம், திகதி தெரியாட்டி மாசமாவது தெரிய வேணும்.

கொண்டு போக வேண்டியது: அடையாள அட்டையும் ரெண்டு போட்டோக்கொப்பியும், கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் காட், கடைசியா எடுத்த எக்ஸ்ரே படம் (ரிப்போட் மட்டும் காணாது, படமும் வேணும்), சளி சோதிச்ச ரிப்போட் இருந்தா அதுவும், பாங்க் புத்தகத்தின்ர முதல் பக்கக் கொப்பி. இப்ப பாவிக்கிற பம்ப், குளிசை எல்லாத்தையும் ஒரு பையில அப்பிடியே கொண்டு போங்கோ. பேர் சொல்லத் தெரியாது, "வெள்ளைக் குளிசை" எண்டு சொன்னா அவைக்கு விளங்காது. அடையாள அட்டையில இருக்கிற பேரும் கிளினிக் கொப்பியில இருக்கிற பேரும் ஒண்டா இருக்கோ பாருங்கோ. எனக்கு கொப்பியில அப்பாவின்ர பேரின்ர முதலெழுத்து மாறிக் கிடந்தது, அதைத் திருத்துறதுக்கு ஒரு கிளினிக் நாள் போச்சு.

எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில போடுங்கோ. மாரியில பஸ்ஸுக்கு நிண்டு நனைஞ்சு, எழுத்தெல்லாம் ஊறிப் போன கொப்பியை மேசையில வச்சுக்கொண்டு நிண்ட ஒரு ஐயாவைக் கண்டனான், பாவமா இருந்தது.

4. போக முதல் போன்ல கேளுங்கோ

தகவல் தாள்ல ஒரு நம்பர் இருக்கும். பஸ் ஏற முதல் அதுக்கு எடுத்து உங்களை எடுப்பினமோ எண்டு கேளுங்கோ, அரைவாசிப் பேருடைய அலைச்சல் இதிலயே மிச்சம்.

வயசு சொல்லுங்கோ. கடைசியா எப்ப கடுமையா முட்டு வந்தது, எப்ப பிரட்னிசலோன் எண்ட ஸ்டீரொயிட் குளிசை போட்டது எண்டு சொல்லுங்கோ. போன நாலு ஆறு கிழமைக்குள்ள எண்டா கனக்க ஆய்வுகள் எடுக்காது, ஆனா பிறகு வரச் சொல்லுவினம், அது ஒரேயடியா இல்லை எண்டதில்லை. சுருட்டு, பீடி, சிகரெட் பழக்கத்தை மறைக்காதேங்கோ. ஆஸ்துமா ஆய்வுகள்ல ஒரு நாளைக்கு 20 சிகரெட் வீதம் 10 வருசம் குடிச்சவரை அனேகமா எடுக்க மாட்டினம், சிஓபிடி ஆய்வில இது மறுதலை, அவ்வளவு குடிச்சவரைத்தான் எடுப்பினம். எங்கட அம்மாமாருக்கு இதில ஒரு அநியாயம் நடக்குது. ஒரு சிகரெட்டும் தொடாம, நாப்பது வருசம் விறகடுப்புப் புகையில நிண்டு நெஞ்சு கெட்டவை, புகைத்தல் கணக்கு இல்லை எண்டு வெளியில நிக்க வேண்டி வருது. அதால "விறகடுப்புப் புகையைக் கணக்கெடுப்பியளோ" எண்டு போன்லயே கேளுங்கோ, எடுக்கிற ஆய்வும் இருக்கு.

டிபி இருந்ததோ, எந்த வருசம் மருந்து முடிச்சது எண்டு சொல்லுங்கோ. உடம்புக்குள்ள ஷெல் பீஸ் (ஷெல் வெடிச்சுப் பாஞ்ச இரும்புத் துண்டு) இருந்தா கட்டாயம் சொல்லுங்கோ. எக்ஸ்ரேயில வெள்ளைப் புள்ளியாத் தெரியும், அவை வேற ஏதோ எண்டு பயந்து இன்னும் டெஸ்ட் எழுதுவினம், எம்ஆர்ஐ எடுக்கிற ஆய்வு எண்டா பீஸ் இருக்கிற ஆளுக்கு அது ஆபத்தாயும் வரலாம். இதைக் கேக்க வேணும் எண்டு எல்லா டொக்டர்மாருக்கும் நினைவு வராது, நாங்கள்தான் வாய் திறந்து சொல்ல வேணும்.

ஊசி மருந்து ஆய்வுகள் சிலதில ரத்தத்தில ஈசினோஃபில் எண்ட அணு 150 க்கோ 300 க்கோ மேல இருக்க வேணும் எண்டு பாப்பினம். வயித்தில பூச்சி இருந்தாலும் அது கூடும். வயலுக்கு வெறுங்காலோட போறனாங்கள், கடைசியா எப்ப பூச்சி மருந்து குடிச்சது எண்டு சொல்லுங்கோ.

பெண்கள், பிள்ளைத்தாச்சியோ எண்டு சலம் சோதிப்பினம், ஒவ்வொரு விசிட்டுக்கும் சோதிப்பினம். கலியாணம் கட்டாத பிள்ளையளிட்டயும் கேப்பினம், அது எல்லாருக்கும் ஒரே சட்டம், அதுக்காக வெக்கப்படவோ கோவிக்கவோ வேண்டாம். ஆய்வு நடக்கேக்க பிள்ளை தங்காமப் பாக்க வேணும் எண்டு சில மருந்துக்கு எழுதிக் கேப்பினம், வீட்டில கதைச்சு முடிவெடுத்துப்போட்டுப் போங்கோ.

5. ஊதுற டெஸ்ட்டுக்கு முதல் நாளும் அந்தக் காலமையும்

ஸ்பைரோமெட்ரி எண்டு ஒரு குழாய்க்குள்ள பலமா ஊத வேணும். முதல்ல ஊதுவிப்பினம், பிறகு சல்பியூட்டமோல் அடிச்சுப்போட்டு ஒரு கால் மணித்தியாலத்தால திருப்பி ஊதுவிப்பினம். முதல் செக்கனில வாற காத்து 12 வீதமும் 200 மில்லிலீற்றரும் கூடினா ஆஸ்துமா எண்டதுக்கு அது ஒரு அத்தாட்சி. நீங்கள் வழியில பம்ப் அடிச்சிட்டுப் போனா மூச்சுக் குழாய் ஏற்கனவே திறந்திருக்கும், முதல் ஊதலும் ரெண்டாவதும் ஒண்டாத்தான் வரும், "உங்களுக்கு ஆஸ்துமா காட்டேல்ல" எண்டு அனுப்பிப்போடுவினம். எனக்கு நடந்தது அதுதான். விடிய நாலரைக்கு வெளிக்கிட்டனான், பரந்தனில மாறி ஏறின பஸ்ஸில யன்னல் கண்ணாடி மூடாது, நெல்லு வெட்டுற காலம், றோட்டோரம் முழுக்க வெட்டு மிஷின் தூசு, நெஞ்சு இறுகினோடன ரெண்டு இழுப்பு அடிச்சிட்டன். அடிச்சதில பிழை இல்லை, ஆனா போய் இறங்கினோடன அதைச் சொல்லியிருக்க வேணும், சொல்லாம ஊதினதுதான் பிழை. சொல்லியிருந்தா திகதி மாத்தித் தந்திருப்பினம்.

நீலப் பம்ப் டெஸ்ட்டுக்கு முதல் 4 இல இருந்து 6 மணித்தியாலம் அடிக்கக் கூடாது எண்டு சொல்லுவினம். சல்மெட்ரோல், ஃபோர்மொட்ரோல் சேர்ந்த நீண்ட நேரப் பம்ப் எண்டா 12 மணித்தியாலமோ ஒரு நாளோ. எவ்வளவு எண்டதை உங்கட ஆய்வுக்காரர் சொல்லுறதைத்தான் கேக்க வேணும், எழுதித் தரச் சொல்லுங்கோ. பழுப்புப் பம்ப்பை இந்த டெஸ்ட்டுக்காக நிப்பாட்டத் தேவையில்லை. அதைவிட முக்கியம்: மூச்சு ஏலாட்டி பம்ப்பை அடியுங்கோ. டெஸ்ட்டை அடுத்த கிழமையும் செய்யலாம். டெஸ்ட்டுக்காக முட்டு வருத்தத்தை அடக்கிக்கொண்டு பஸ்ஸில இருக்காதேங்கோ.

வயிறு நிறையச் சாப்பிட்டிட்டுப் போகாதேங்கோ, லேசா இடியப்பமோ பாணோ காணும். இறுக்கமான சட்டை, இறுக்கிக் கட்டின சீலை வேண்டாம். ஊதத் தொடங்கினா கடைசி மட்டும், குறைஞ்சது ஆறு செக்கன், விடாம ஊத வேணும், மூண்டு நல்ல ஊதல் வாற வரைக்கும் திருப்பித் திருப்பிச் செய்விப்பினம். தலை சுத்தும், இருந்துகொண்டு செய்யுங்கோ. கிட்டடியில கண் ஒப்பரேசன் செய்திருந்தா, இல்லாட்டி நெஞ்சு அட்டாக் வந்திருந்தா ஊத முதலே தாதி மிஸ்ஸிட்டச் சொல்லுங்கோ.

6. கையெழுத்து வைக்க முதல்

தகவல் தாளும் சம்மதப் படிவமும் தமிழில தர வேணும். சிங்களத்திலயோ இங்கிலீசிலயோ தந்து "இதில வையுங்கோ, பிறகு விளங்கப்படுத்துறம்" எண்டா வைக்காதேங்கோ. தமிழ்த் தாளைக் கேட்டு, வீட்டை கொண்டுபோய் வாசிக்கவும் கேளுங்கோ, அதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. நான் அதை வீட்டை கொண்டுவந்து ரெண்டு நாள் வாசிச்சனான், ஒரு பக்கத்தை மூண்டு தரம். எழுத வாசிக்கத் தெரியாதவை எண்டா ஆய்வோட சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில நிக்க, முழுக்க வாசிச்சுக் காட்டின பிறகுதான் கைநாட்டு. பிள்ளையளுக்கு எண்டா தாய் தேப்பன் வைக்க வேணும், விளங்கிற வயசுப் பிள்ளையிட்டயும் விருப்பம் கேப்பினம், பிள்ளை வேண்டாம் எண்டா வற்புறுத்தாதேங்கோ.

நான் கேட்ட கேள்வியள் இதுகள், நீங்களும் கேளுங்கோ. என்ர பழைய பம்ப்பை நிப்பாட்டுவியளோ, இல்லாட்டி அதோட சேர்த்துத்தான் புதுசு தருவியளோ? இதுதான் எல்லாத்திலயும் முக்கியம். பழைய ஸ்டீரொயிட் பம்ப்போட சேர்த்து பிளசீபோ தாறது ஒரு கதை, அதை நிப்பாட்டிப்போட்டு பிளசீபோ தாறது வேற கதை, ரெண்டாவது எண்டா உங்களுக்கு முட்டு கூடினா என்ன செய்வினம், எவ்வளவு கெதியா மாத்துவினம் எண்டு எழுத்தில பாக்க வேணும். ஆய்வு மருந்தால ஏதும் நடந்தா வைத்தியச் செலவு ஆர் பாக்கிறது, காப்புறுதி இருக்கோ? எத்தினை தரம் ரத்தம் எடுப்பியள், அதை வெளிநாட்டுக்கு அனுப்புவியளோ, எவ்வளவு காலம் வச்சிருப்பியள்? என்ர பேர் வெளியில போகுமோ? ஆய்வு முடிஞ்ச பிறகு மருந்து நல்லா வேலை செய்தா தொடர்ந்து தருவியளோ?

கடைசிக் கேள்விக்கு எனக்கு "இல்லை" எண்டுதான் பதில் வந்தது. தெரிஞ்சுகொண்டு சேர்ந்தனான், அதால பிறகு மனவருத்தம் இல்லை.

வேண்டாம் எண்டு சொன்னா கிளினிக்கில உங்களை ஒதுக்குவினமோ எண்டு பயப்பிடுவியள், எங்கட சனத்துக்கு அந்தப் பயம் இருக்கு, டொக்டருக்கு முன்னால இல்லை எண்டு சொல்ல வாய் வராது. சேராட்டியும், இடையில விட்டாலும், உங்கட வழமையான மருந்து ஒண்டும் குறையக் கூடாது எண்டது நெறிமுறை. ஆரும் மாத்திச் சொன்னா தாள்ல இருக்கிற நெறிமுறைக் குழுவின்ர நம்பருக்கு எடுங்கோ. அந்த நம்பர் இருக்கிறதே அதுக்குத்தான். கையெழுத்து வச்ச படிவத்தில ஒரு கொப்பி வாங்காம வெளிக்கிடாதேங்கோ.

7. காசும் நாளும்

டெஸ்ட், மருந்து எல்லாம் இலவசம். போக்குவரத்துக்குத்தான் எங்களுக்குச் செலவு. எனக்கு ஓட்டோ, பஸ், மத்தியானச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு விசிட்டுக்கு 2,500 ரூபாக்குக் கிட்ட வந்தது, அண்டைக்குத் தையலும் இல்லை. பயணக் காசு தருவினமோ, எவ்வளவு, கையிலயோ பாங்கிலயோ, கூட வாற ஆளுக்கும் உண்டோ எண்டு முதல் நாளே கேளுங்கோ. நான் கேக்க வெக்கப்பட்டு ரெண்டு விசிட்டுக்கு என்ர காசிலதான் போனனான், பஸ் ரிக்கெட்டையும் எறிஞ்சிட்டன், பிறகு ரிக்கெட் இல்லாம அந்தக் காசு கிடைக்கேல்ல. ரிக்கெட்டைக் கொப்பிக்குள்ள குத்தி வையுங்கோ. தனியார் பஸ்ஸில ரிக்கெட் தராட்டி கேட்டு வாங்குங்கோ.

வெலிசறைக்குப் போறவை, உங்கட ரயில் ராகமையில நிக்குமோ எண்டு கேளுங்கோ, நிண்டா கொழும்பு கோட்டை மட்டும் போய்த் திரும்பத் தேவையில்லை. ராகமையில இறங்கினா ஓட்டோ தூரம்தான். இரவு ரயிலில போறவை ஒரு போர்வையும் பம்ப்பும் கைப்பையில வையுங்கோ, மேல தட்டில வைக்காதேங்கோ.

நாள்க் கணக்கு இப்பிடி வரும். முதல் விசிட் ஒரு முழு நாள். பிறகு ரெண்டில இருந்து நாலு கிழமை "ரன் இன்", அதில நீங்கள் மூச்சு எப்பிடி இருக்கு எண்டு டயரி ஒழுங்கா எழுதுறியளோ, பம்ப் வடிவா அடிக்கிறியளோ எண்டு பாப்பினம், இதில கனபேர் வெளியில போயிடுவினம். அதுக்குப் பிறகுதான் சீட்டுக் குலுக்கல். மருந்துக் காலம் 12 கிழமையும் இருக்கும், 24 உம் இருக்கும், கடும் ஆஸ்துமாவுக்கு எண்டா 52 கிழமையும் இருக்கும். மாசத்துக்கு ஒரு விசிட் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. காலபோக வெட்டு மாசி பங்குனியில வரும், அந்த நேரம்தான் எங்களுக்கு முட்டும் கூட வேலையும் கூட. விசிட் திகதியை முன்னுக்குப் பின்னுக்கு ரெண்டு மூண்டு நாள் தள்ள இடம் இருக்கும், வெட்டுத் திகதி தெரிஞ்சோடன போன் பண்ணிச் சொல்லுங்கோ. சொல்லாம நிண்டா அந்த விசிட் கணக்கில வராது.

உங்கட வழமையான கிளினிக் நாளை விட்டுடாதேங்கோ. ஆய்வில இருக்கிறன் தானே எண்டு ரெண்டு மாசம் போகாம விட்டா, முடிஞ்ச பிறகு கொப்பியைத் திருப்பிப் புதுப்பிக்கிறது பெரிய அலுவல்.

8. மருந்து கையுக்கு வந்த பிறகு

வெயில் பெரிய பிரச்சினை. கனக்க இன்ஹேலர் 30 பாகைக்குக் கீழ வைக்கச் சொல்லி எழுதியிருக்கும், எங்கட தகர வீட்டுக்குள்ள மத்தியானம் அப்பிடி இருக்காது. நான் குளிர்மையா இருக்கும் எண்டு தண்ணிப் பானைக்குப் பக்கத்தில வச்சனான். அது பவுடர் இன்ஹேலர், ஈரம் பட்டா பவுடர் கட்டி பிடிச்சிடும் எண்டு பிறகுதான் மிஸ் சொன்னவ. இப்ப ஒரு மூடி இறுக்கமான டப்பாவில போட்டு, ஓலை வேய்ஞ்ச குசினிப் பக்கம், அடுப்புக்கு எட்ட வைக்கிறன். ஊசி மருந்து எண்டா 2 இல இருந்து 8 பாகை, ஃபிரிட்ஜ் வேணும், வீட்டில இல்லாட்டி ஆஸ்பத்திரியிலயே வச்சுப் போடச் சொல்லிக் கேளுங்கோ.

டயரியை அண்டண்டைக்கு எழுதுங்கோ. காலமையும் பின்னேரமும் பீக் ஃப்ளோவில (வீட்டில வச்சு ஊதிப் பாக்கிற சின்னக் குழாய்) மூண்டு தரம் ஊதி, கூடினதை எழுத வேணும். விசிட்டுக்கு முதல் நாள் இருந்து ஒரு மாசத்தையும் ஒரே பேனையால எழுதினா பாத்தோடன கண்டு பிடிப்பினம், அதைவிட, பொய் இலக்கத்தை வச்சு முடிவெடுத்தா நாளைக்கு அந்த மருந்து எங்கட பிள்ளையளுக்குத்தான் வரும்.

முடிஞ்ச பம்ப்பை எறியாதேங்கோ, எண்ணிப் பாக்கத் திருப்பிக் கேப்பினம். அயல்ல ஆருக்கும் முட்டு எண்டாலும் ஆய்வுப் பம்ப்பைக் குடுக்காதேங்கோ, உங்கட நீலப் பம்ப்பைக் குடுத்து உதவுங்கோ. ஸ்டீரொயிட் பம்ப் எண்டா அடிச்சோடன வாய் கொப்பளியுங்கோ. ஆடாதோடைக் குடிநீர், தூதுவளை, கற்பூரவள்ளிச் சாறு, எது குடிச்சாலும் டயரியில எழுதுங்கோ. ஏச மாட்டினம், ஆனா மறைச்சா எது வேலை செய்தது எண்டு தெரியாமப் போகும். வேற டொக்டர் புதுசா ஏதும் குளிசை எழுதினாலும் போன்ல சொல்லிப்போட்டுப் போடுங்கோ, முக்கியமா தலையிடிக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் தாற புரொப்பிரனலோல், அது ஆஸ்துமாக்காரருக்கு ஆபத்து.

9. இரவில முட்டு வந்தா

ஆய்வு அட்டை ஒண்டு தருவினம், பேர்ஸில வைக்கிற அளவு. அதில ஆய்வின்ர பேர், 24 மணித்தியால நம்பர் இருக்கும். எப்பவும் அடையாள அட்டையோட வையுங்கோ, வீட்டில இன்னொராளுக்கும் எங்க இருக்கு எண்டு தெரிய வேணும்.

முட்டு கூடினா முதல்ல உங்கட நீலப் பம்ப், ஸ்பேசர் (பம்ப்பில பூட்டுற பிளாஸ்டிக் குடுவை) இருந்தா அதோட. கதைக்க ஏலாம, சொண்டு நீலமாகி, பம்ப் அடிச்சும் அடங்காட்டி 1990 க்கு அடியுங்கோ, அந்த அம்புலன்ஸ் இலவசம். ஆய்வு நடக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேணும் எண்டு இல்லை, கிட்ட இருக்கிறதுக்குப் போங்கோ, புதுக்குடியிருப்போ, தர்மபுரமோ, கிளிநொச்சியோ. அங்க அட்டையைக் காட்டுங்கோ. எந்த மருந்து எண்டு தெரியாம வைத்தியம் பாக்க ஏலாட்டி, டொக்டர் அந்த நம்பருக்கு எடுத்து நீங்கள் எந்தக் கூட்டம் எண்டதைத் திறந்து கேக்கலாம், அதுக்கு ஒழுங்கு வச்சிருக்கினம். விடிஞ்சோடன ஆய்வுக்காரருக்கும் சொல்லுங்கோ, வாட்டில நிண்டா டயக்னோசிஸ் காட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கோ.

10. இடையில விடுறதும், முடிஞ்ச பிறகும்

விட வேணும் எண்டா காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனா சொல்லாமக் கொள்ளாம நிண்டிடாதேங்கோ. சில மருந்தைத் திடீரெண்டு நிப்பாட்ட ஏலாது, பழைய பம்ப்புக்கு எப்பிடி மாறுறது எண்டு சொல்லித் தருவினம், கடைசியா ஒருக்கா ரத்தமும் ஊதலும் பாத்து விடுவினம். அது உங்கட நன்மைக்குத்தான்.

முடியிற நாள் மூண்டு பேப்பர் கேட்டு வாங்குங்கோ: எல்லா ஊதல் ரிப்போட்டின்ர கொப்பி, ரத்த ரிப்போட், உங்கட கிளினிக் டொக்டருக்கு ஒரு கடிதம். அடுத்த கிளினிக் நாளிலேயே அதைக் குடுத்து மருந்தைத் திருப்பி ஒழுங்காக்குங்கோ, இடையில ஒரு கிழமையும் பம்ப் இல்லாம இருக்க விடாதேங்கோ. நான் எந்தக் கூட்டம், என்ன மருந்து அடிச்சனான், ஆய்வில என்ன கண்டவை எண்டதைப் பிறகு சொல்லுவினம், எல்லாற்ற விசிட்டும் முடிஞ்சு கணக்குப் பாத்த பிறகுதான், அதுக்கு மாசக்கணக்கு எடுக்கும். எனக்கு இன்னும் வரேல்ல. அந்த நம்பரைக் கிளினிக் கொப்பியின்ர பின் மட்டையில எழுதி வச்சிருக்கிறன், கிளினிக் முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கிற நேரம் மாசத்துக்கு ஒருக்கா எடுத்துக் கேக்கிறன். நீங்களும் எழுதி வையுங்கோ, போன் நம்பர் மாறினா அவைக்குப் புது நம்பரைக் குடுங்கோ, இல்லாட்டி முடிவு வந்தாலும் உங்களைத் தேடிப் பிடிக்க ஏலாது.